எட்டாம் நாள் வருகை

செங்கம்மாள் மூன்று பேனாக்களை மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்று நீலம், ஒன்று கருப்பு, மூன்றாவது மை தீரப்போகிற பழைய பேனா. நான்கு வரி நீலத்தில் எழுதுவாள். கீழே வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கி, இரண்டு வரி கருப்பில் எழுதுவாள். பிறகு பழைய பேனாவை அழுத்தி ஒரு வரி. எல்லாம் ஒரே தடவை உட்கார்ந்து எழுதியது என்று சோதிக்க வருகிறவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதற்குத்தான் மூன்று பேனா. நடுநடுவே கையெழுத்தைக்கூடக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள்.

1996, பொங்கல் முடிந்து வந்த வியாழக்கிழமை. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற புங்கந்தாங்கல் துணை சுகாதார நிலையம். முன்னறையில் பிரசவ மேஜை, மருந்துப் பெட்டி, பதினான்கு பதிவேடுகள். பின்னறையில் அவள் குடித்தனம். சனிக்கிழமை போலியோ சொட்டு மருந்து நாள். ஐந்து கிராமத்துக் குழந்தைகளையும் ஒரே நாளில் பிடித்து வாயில் சொட்டு விட்டாக வேண்டும். அந்த வாரம் வேறு வேலை ஒன்றும் நடக்காது என்பது மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் பதிவேட்டில் எல்லா வேலையும் நடந்திருக்க வேண்டும். அதனால் அடுத்த ஐந்து நாட்களுக்கான வீட்டு வருகைகளை அன்றைக்கே எழுதி முடித்தாள்.

பிரசவமான பெண்ணை மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. காய்ச்சல் உண்டா, உதிரப்போக்கு எப்படி, பால் இறங்குகிறதா, தொப்புள் காய்ந்ததா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். குறிப்புக் கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான். கருப்பு மையில் விழுந்த வரிகளில் ஒன்று இது: பூங்கொடி, கணவர் காசிநாதன், ஆண் குழந்தை. 20.1.96. எட்டாம் நாள் வருகை. தாய் சேய் நலம்.

அவள் வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியராகி இருபது வருஷம் ஆகியிருந்தது. லாரி கிளீனராக இருந்த கணவர் இறந்துபோனபோது மகள் லதாவுக்கு மூன்று வயது. மழையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை தாண்டிப் போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறாள். அவள் கையில் ஒரு தாயும் சாகவில்லை. அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள், மனசுக்குள் எண்ணி வைத்திருந்தாள். பூங்கொடியின் பிள்ளையையும் அவள்தான் எடுத்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம். பிறந்ததும் நன்றாகக் கத்தினான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே சத்துணவுக் கூடத்தில் மேஜை போட்டாயிற்று. பத்தரை மணிக்கு வரிசை வேலிவரை நீண்டிருந்தது. தாய்மார் ஒரு பக்கம் கத்த, குழந்தைகள் ஒரு பக்கம் கத்த, ஐஸ் பெட்டி வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"நர்ஸம்மா."

வரிசையில் நிற்காமல் மேஜைக்கு நேரே வந்து நின்றாள் பூங்கொடி. செங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வயசுப் பெண், தலை வாரவில்லை, ரவிக்கைக் கொக்கி மாற்றிப் போட்டிருந்தது, மாரெல்லாம் பால் நனைந்திருந்தது. தீட்டுக் கழியாத பெண் அந்தப் பக்கத்தில் வாசல் தாண்ட மாட்டாள். இவள் அரை மைல் வெறுங்காலோடு நடந்து வந்திருந்தாள். குழந்தையை அணைத்துப் பிடிக்கவில்லை. கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் போல இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"இது என்னுது இல்ல நர்ஸம்மா. மாத்திட்டாங்க. என்னுத குட்த்துடுங்க, நான் போறேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "ஏன்டீ, கருப்பா கீதுன்னு வாணாமா? அப்பன் காசிநாதன் மட்டும் இன்னா, எலுமிச்சம் பழமா?" என்றாள் ஒருத்தி.

செங்கம்மாளும் சிரித்தாள். குழந்தையின் கன்னத்தை அழுத்தி இரண்டு சொட்டு விட்டாள். "உன்னுதுதான்டீ. நான்தானே எடுத்தேன்? போயி நல்லா சாப்ட்டுத் தூங்கு."

"தூங்க வுட மாட்டேங்குது. பேசிகினே கீது."

"யாரு?"

"இதான். தண்ணில வுடு, நான் என் வூட்டுக்குப் போறேன்னு சொல்லிகினே கீது."

அப்போது டாக்டரின் ஜீப் வந்து நின்றது. செங்கம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "சரி சரி, நீ போ. நாளைக்கு வூட்டாண்ட வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுபட்ட குழந்தைகளைத் தேடி இரண்டு கிராமம் அலைந்தாள். திங்கட்கிழமை மேலதிகாரிகள் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலை பூங்கொடி வீட்டுக் கொல்லையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமென்ட் தொட்டியில் குழந்தை கிடந்தது. மேலே முறம் வைத்து மூடியிருந்தது. பூங்கொடி உள்ளே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடித்து எழுப்பியதும், "அது வூட்டுக்குப் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னாளாம்.

செய்தி வந்தபோது செங்கம்மாள் வேறொரு வீட்டில் கர்ப்பிணியின் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்தாள், தேய்த்தாள். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோது பெடலில் கால் நிற்கவில்லை. மூன்று தரம் வழுக்கியது. நிலையம்வரை தள்ளிக்கொண்டே போனாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். கருப்பு மை வரியில் விரலை வைத்தார்.

"சனிக்கிழமை இந்தப் பொண்ணப் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்டி இருந்துது?"

"நல்லா இருந்துது."

இரண்டே பதில். எழுதிக்கொண்டார். பதிவேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஜீப் சத்தம் தேய்ந்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

அன்று பிடித்த பயம் இரண்டு வருஷம் விடவில்லை. புல்லட் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் போலீஸோ என்று பின்னறைக்குள் போய்விடுவாள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலையே பார்ப்பாள். அவளுக்குப் பயம் போலீஸிடம் மட்டும் இல்லை. பதிவேட்டில் பொய் எழுதியது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் பின்னறைக் குடித்தனமும் போகும். ஆசிரியர் பயிற்சியில் இருக்கிற லதாவுக்கு விடுமுறையில் வந்து தங்க ஒரு கூரை இருக்காது. இவை வெளிப் பயங்கள். உள்ளே ஒன்று இருந்தது. அந்தப் பெண் அரை மைல் நடந்து வந்து அவளிடம்தான் சொன்னாள். அது ஊருக்குத் தெரிந்தால் எந்த வீட்டில் இனிமேல் கதவைத் திறந்து 'வாங்க நர்ஸம்மா' என்பார்கள்?

சத்துணவுக் கூடத்தில் சிரித்த பெண்கள் யாரும் பிறகு அங்கே நின்றதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. மாமியார் பூவாயி, மருமகள் வாசல் தாண்டவே இல்லை என்று போலீஸிடம் கைரேகை வைத்தாள். தீட்டுக்காரியை வெளியே விட்டாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? அவளுக்கு அவள் பயம். பொங்கலுக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை என்று புருஷனோடு சண்டை. அந்த ஆத்திரத்தில் பிள்ளையைக் கொன்றாள் என்று வழக்கு எழுதப்பட்டது. கொலைக் குற்றம், முந்நூற்றிரண்டாம் பிரிவு. பூங்கொடியை வேலூர்ப் பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள். ஜாமீனுக்கு நிற்க ஆள் வரவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரத்தில் சில பெண்களுக்குப் புத்தி ஒரேயடியாகக் கலங்கும். தூக்கம் அறவே போகும், இல்லாத குரல் கேட்கும், பிள்ளையை வேறு என்னவோ என்று நினைப்பார்கள். ஆயிரத்தில் ஒருத்திக்கு, இரண்டு பேருக்கு. உடனே மருந்து கொடுத்தால் தெளியும். கொடுக்காவிட்டாலும் பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே தெளிந்துவிடும். கஷ்டமே அங்கேதான். வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அவள் நன்றாக ஆகிவிடுவாள். ஆறு மாதம் கழித்துப் பூங்கொடியைப் பார்த்த டாக்டர், புத்தி தெளிவாக இருக்கிறது என்று எழுதினார். அது உண்மைதான். ஆனால் சட்டம் கேட்பது இன்றைய புத்தியை அல்ல. அந்தக் காரியத்தைச் செய்த வேளையில், என்ன செய்கிறோம் என்றோ அது தப்பு என்றோ தெரியாத அளவுக்கு மனம் கெட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தது என்று காட்ட வேண்டிய பாரம் அவளுடையது. காட்ட முடியாவிட்டால் ஆயுள் தண்டனை.

காட்டுவதற்கு அவளிடம் எதுவும் இல்லை. அரசுத் தரப்பிடம் ஒரு வரி இருந்தது. காரியம் நடப்பதற்கு மூன்று நாள் முன்னால், படித்த செவிலியர் நேரில் பார்த்து எழுதியது: தாய் சேய் நலம்.

1998 ஆடியில் செங்கம்மாளுக்குச் சம்மன் வந்தது. செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம், அரசுத் தரப்பு சாட்சி. அதைக் கையில் வாங்கியவள் அன்று சமைக்கவில்லை. மறுநாள் சுகாதார ஆய்வாளர் ராமானுஜம் நிலையத்துக்கே வந்துவிட்டார். ஓய்வுபெற நான்கு வருஷம் இருக்கிற மனிதர், கெட்டவர் இல்லை, நாற்காலி நுனியில்தான் உட்காருவார்.

"சிஸ்டர், பேஜாரே வாணாம். ரிஜிஸ்டர்ல இன்னா கீதோ அத்த சொல்லு. போனேன், பாத்தேன், நல்லா இருந்தா. முடிஞ்சுது."

"அவ நல்லா இல்ல சார்."

"உனக்கு எப்டித் தெரியும்? நீதான் போகவே இல்லியே."

செங்கம்மாள் எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். அவர் குரலைத் தணித்தார். "நீ போகலன்னு சொன்னா, அடுத்த கேள்வி இன்னா? வேற யார்லாம் இப்டி எழுதறாங்கன்னு. நம்ம வட்டாரத்துல எத்தினி சிஸ்டருங்க கீறாங்க? எல்லாரையும் வாரிக்கினு போயிடும். எனக்கும் செவன்டீன் பி வரும். நான் வேற மாசா மாசம் பாத்து கையெழுத்து போட்டிருக்கேன்."

செவன்டீன் பி என்பது வேலையைப் பறிக்கிற அளவுக்குப் போகக்கூடிய குற்றச்சாட்டு.   "ரிஜிஸ்டர்ல இருக்கறதையே சொல்றேன் சார்" என்றாள் செங்கம்மாள்.

அந்த எண்ணத்தோடுதான் நீதிமன்றத்துக்குப் போனாள். காலையிலேயே போய்த் தாழ்வாரத்தில் ஒரு தூணோரம் நின்றாள்.  எதிர்ப் பக்கத்து பெஞ்சில் காசிநாதன், மறைமலைநகர் கம்பெனிச் சட்டையோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பூவாயி. அவள் செங்கம்மாளைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெண் போலீஸ் ஒருத்தியோடு பூங்கொடி படியேறி வந்தாள். சதை போட்டிருந்தாள். தலை படிய வாரியிருந்தது. செங்கம்மாள் தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள்; பூங்கொடி அதற்குள் பார்த்துவிட்டாள்.

"நர்ஸம்மா, நல்லாக்கீறீங்களா? லதா இன்னா படிக்குது?"

"படிக்குது" என்றாள் செங்கம்மாள். 

"உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வருசமா நெனச்சிகினு கீறேன்." பூங்கொடி குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. முகவரி விசாரிப்பவள் போலக் கேட்டாள். "அன்னிக்கு நான் சத்துணவுக் கூடத்தாண்ட வந்தேனா? உங்ககிட்ட புள்ளையக் காட்டினேனா? வூட்ல எல்லாரும் நீ வெளியவே போவலன்றாங்க. வக்கீலு அதுக்கு சாட்சி இல்லன்றாரு. அந்த நாலஞ்சு நாளு எனக்கு சரியா தெர்ல. வந்த மாதிரியும் கீது, கனா மாதிரியும் கீது. அது கனான்னா மத்ததும் கனாவா இருக்கும்ல? வந்தேனா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

பெண் போலீஸ், "யம்மா, சாட்சியாண்ட பேசக்கூடாது, வா இப்டி" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

 செங்கம்மாளுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை.  உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்து, அதைச் சொல்லக்கூடிய ஆள் தான் ஒருத்திதான் என்பது அதுவரை அவளுக்கு இப்படி நேராகப் பட்டதில்லை. நல்ல புத்தி வந்த பெண், தன் கையால் என்ன நடந்தது என்பதைத் தட்டித் தடவித் தேடிக்கொண்டிருக்கிறாள். பிடிக்க ஒரு சுவர்கூட இல்லாமல்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். அரசு வழக்கறிஞர் மரியாதையாகவே ஆரம்பித்தார். எத்தனை வருஷ சர்வீஸ், எத்தனை கிராமம், பிரசவம் பார்த்தது நீங்கள்தானா. எல்லாவற்றுக்கும் ஆமாம். பிறகு பதிவேட்டை அவள் கையில் கொடுக்கச் சொன்னார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதைத் தொட்டாள். அட்டையில் நீதிமன்றச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இந்தப் பதிவு உங்கள் கையெழுத்துதானே? தேதியைப் படியுங்கள்."

"இருபது, ஒண்ணு, தொண்ணூத்தாறு."

படித்த பிறகுதான் கண்ணில் பட்டது. எட்டாம் நாள் என்று விரல்விட்டு எண்ணி எழுதியவள், அந்த எட்டாம் நாள் சொட்டு மருந்து நாளில் விழுகிறது என்பதைக் கவனிக்கவில்லை. அந்தத் தேதிக்கு எதிரே மூன்று ஊரில் நான்கு வீடு போனதாக எழுதியிருந்தாள். உண்மையில் அன்றைக்கு அவள் காலை ஆறரை முதல் சாயங்காலம் ஐந்துவரை ஒரே மேஜையில் இருந்தாள். இன்ஸ்பெக்டர் பார்க்கவில்லை, வக்கீல்கள் பார்க்கவில்லை, மாசாமாசம் கையெழுத்துப் போட்ட ராமானுஜமும் பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது.

"அன்று பூங்கொடி வீட்டுக்குப் போனீர்கள். அவர் நல்ல நிலையில், தெளிவாக இருந்தார். சரிதானே?"

செங்கம்மாள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்க. நான் அந்த வீட்டுக்குப் போகல."

சபையில் யாரோ இருமினார்கள். வழக்கறிஞர் முகத்திலிருந்த மரியாதை போயிற்று. நீதிபதியிடம் இவர் முன்பு சொன்னதை மாற்றுகிற பிறழ் சாட்சி, குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றார். அனுமதி கிடைத்தது.

"போலீஸில் போனேன் என்று சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"அப்போது சொன்னது பொய்."

"ஆமாங்க."

"அரசாங்கப் பதிவேட்டில் எழுதியிருப்பதும் பொய்."

"ஆமாங்க."

"இரண்டு இடத்தில் பொய் சொன்னவர் மூன்றாவது இடத்தில் உண்மை சொல்கிறார் என்று நாங்கள் நம்ப வேண்டும். எதிர்த்தரப்பு உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்?"

  பிரசவத்தில் சிக்கல் வரும்போது அவள் செய்வது ஒன்று உண்டு: அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மட்டும் பார்ப்பாள். அப்படியே செய்தாள்.

"அன்னிக்கு சொட்டு மருந்து நாளுங்க. காலைல இருந்து நான் சத்துணவுக் கூடத்துல இருந்தேன். டாக்டரு பத்தரைக்கு ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை வந்து தாள்ல கையெழுத்துப் போட்டாரு. அந்தத் தாள் ஆபீஸ்ல இருக்கும். அன்னிக்கு நாலு வீடு போனதா இதுல எழுதியிருக்கேன். நாலுமே போகல. தருவிச்சுப் பாருங்க."

நீதிபதி மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "போகாமல் ஏன் எழுதினீர்கள், அம்மா?"

"முன்னாடியே எழுதி வைக்கிறதுதாங்க."

"வைக்கிறது என்றால்? யார் யார்?"

பின் வரிசையில் ராமானுஜம் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவில்லை. "நான் எழுதி வச்சேன்" என்றாள்.

பிறகு பூங்கொடிக்காக இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் ஞானதாஸ் எழுந்தார். இளைஞர், நம்பிக்கை இழந்துபோய் வழக்குக் காகிதக் கட்டைக் கட்டிவைத்திருந்தவர், அவசரமாக அவிழ்த்தார். அன்று பூங்கொடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். வந்த நேரம், வெறுங்கால், மாற்றிப் போட்ட கொக்கி, நீட்டிப் பிடித்த குழந்தை, சொன்ன வார்த்தை ஒவ்வொன்றையும் சொன்னாள். 'தண்ணில வுடு, நான் என் வூட்டுக்குப் போறேன்னு சொல்லுது' என்றதைச் சொன்னபோது எதிர்க் கூண்டில் நின்ற பூங்கொடி மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

"நீங்கள் அவளுக்கு என்ன சொன்னீர்கள்?"

"நாளைக்கு வரேன்னு சொன்னேன்."

"போனீர்களா?"

"இல்ல."

"ஏன்?"

வேலை இருந்தது, கூட்டம் இருந்தது என்று சொல்ல வாய் வந்தது. "மறந்துட்டேன்" என்றாள்.

வெளியே வந்ததும் ராமானுஜம் ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போனார். பூவாயி மட்டும் படிக்கட்டில் வழிமறித்தாள். "வாய் கீதுன்னு பேசிட்டியா? இப்ப ஊரு என்ன கேக்கும், தீட்டுக்காரிய வெளிய வுட்டுட்டுத் தூங்கினியாடீன்னு கேக்கும். என் பேரன் போனது போதாதா?" என்றாள். செங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கிழவி சொன்னதிலும் தப்பில்லை.

பத்து நாளில் செவன்டீன் பி வந்தது. மூன்று குற்றச்சாட்டு, தற்காலிகப் பணிநீக்கம். நிலையத்துச் சாவியைப் பக்கத்து ஊர் செவிலியரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். பின்னறையில் மட்டும் விசாரணை முடியும்வரை இருக்கலாம். ஊரில் பாதிப் பேர் பேசவில்லை. ஒரு பெண் தன் குழந்தையை அவள் பார்வையிலிருந்து முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். செங்கம்மாள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகினாள். குற்றச்சாட்டுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்தாள்.

தீர்ப்பு ஐப்பசியில் வந்தது. சொட்டு மருந்துத் தாளைத் தருவித்திருந்தார்கள். டாக்டர் கையெழுத்தும் நேரமும் அதில் இருந்தன. நீதிபதி நீளமாகப் படித்தார். குழந்தையைத் தண்ணீரில் விட்டது பூங்கொடிதான். ஆனால் அந்த வேளையில் அவள் மனநிலை கெட்டிருந்தது. தான் செய்வது இன்னதென்று அவளுக்குத் தெரியாது. எண்பத்து நான்காம் பிரிவின்படி குற்றவாளி அல்ல. விடுதலை.

பூங்கொடி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினாள். பெண் போலீஸ் தோளில் கை வைத்தாள்.

"விடுதலைன்னாங்களே?"

"இரு. இன்னும் படிக்கிறாரு."

குற்றத்திலிருந்து விடுதலை, ஆனால் வெளியே விட முடியாது. பாதுகாப்பான காவலில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் வைக்க வேண்டும். டாக்டர்கள் சரி என்று சொல்லி, பொறுப்பேற்க உறவினர் யாராவது எழுதிக்கொடுத்தால் பிறகு அனுப்பலாம். எத்தனை நாள் என்று இல்லை. நீதிபதி சபையைப் பார்த்து, உறவினர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்.

காசிநாதன் எழுந்தான். "ஐயா, நான் அவள வாணாம்னு சொல்லல. எந்த வூட்டுக்குக் கூட்டிகினு போவேன்? மாட்டுத் தொட்டி அங்கியேதான் கீது. அம்மா தெனம் அத்த தாண்டிதான் போவுது." அதற்குமேல் பேச முடியாமல் உட்கார்ந்தான். பூங்கொடியின் அண்ணன் வரவே இல்லை.

செங்கம்மாளுக்கு ஆயுள் என்ற வார்த்தைதான் இத்தனை நாள் பயமாக இருந்தது. அது போயிற்று. அதைவிட நீளமாக இருக்கக்கூடிய ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஆயுளுக்காவது ஒரு கணக்கு உண்டு.

நாளைக் காலை அனுப்புகிறார்கள் என்று பெண் போலீஸ் சொன்னாள். "அங்க சேக்கறப்ப வியாதி எப்டி ஆரம்பிச்சுது, இன்னா பண்ணிச்சுன்னு கேப்பாங்க. எங்களுக்கு இன்னா தெரியும்? பேப்பர்ல கீறதக் குடுப்போம்." செங்கம்மாளுக்குப் புரிந்தது. நோயின் ஆரம்பம் தெரியாமல் நோயாளியைச் சேர்த்தால், கட்டிலில் படுத்திருக்கிற தெளிந்த பெண்ணைத்தான் டாக்டர் பார்ப்பார். கொலைக் காகிதத்தை மட்டும் படித்தவர் அவளை வெளியே அனுப்பப் பயப்படுவார். யாராயிருந்தாலும் பயப்படுவார்.

மறுநாள் காலை முதல் வண்டியில் செங்கல்பட்டில் ஏறி எழும்பூரில் இறங்கி, பஸ் பிடித்துக் கீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தாள். போலீஸ் வண்டி அவளுக்கு முன்பே வந்திருந்தது. பூங்கொடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செங்கம்மாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"வந்த. சனிக்கிழம பத்தரை மணிக்கு வந்த. புள்ளையக் காட்டின" என்றாள்.

பூங்கொடி தலையாட்டினாள். "நீங்க சொன்னீங்களே, கோர்ட்ல கேட்டேன்."

டாக்டர் இளம்பெண். உறவா என்று கேட்டார். இல்லை, பிரசவம் பார்த்தவள் என்றாள் செங்கம்மாள். பிரசவத் தேதி, எத்தனை மணி நேர வலி, காய்ச்சல் இல்லை, உதிரப்போக்கு சாதாரணம் என்று வரிசையாகச் சொன்னாள். சனிக்கிழமை பார்த்ததைச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"அதுக்கு முன்னாடி? தூக்கம் எப்போ கெட்டுது? சாப்பாடு? வீட்டுல யாருக்காவது இப்படி வந்திருக்கா? அதெல்லாம்தான் முக்கியம்."

"தெரியாதும்மா. நான் போகல."

"யாருக்குத் தெரியும்?"

"மாமியாருக்குத் தெரியும்."

"அவங்க வருவாங்களா?"

"வர மாட்டாங்க. நான் கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றாள் செங்கம்மாள்.  வெளியே வந்து குழாயில் முகம் கழுவினாள். திருக்கழுக்குன்றம் பஸ் எங்கே நிற்கும் என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டு, பூவாயி வீட்டுக்குப் புறப்பட்டாள்.